ஒத்தக் கையால கட்லா பிடிச்ச தாஸ் அண்ணன்

தாஸ் அண்ணன் போயிட்டாரு.

காலையில அவர் சம்சாரம் பிலோமினா அக்கா போன் பண்ணாங்க. "தூக்கத்துலயே போயிட்டாரு செல்வி"ன்னாங்க.

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்ல பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அதனாலதான் எழுதுறேன்.

விருத்தாசலத்துல ஒரு செராமிக் கம்பெனியில நாங்க ஒண்ணா வேலை பாத்தோம். நான் பீங்கான் பியூஸ் கேரியரைப் பளபளப்புக்கு கிளேஸ் கலவையில முக்குற செக்‌ஷன், அவரு களிமண் பிசையற மிஷின்.

அந்த மிஷின்லதான் அவரு வலது கை போச்சு. முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா உக்கார வெச்சாங்க. எல்லாரும் நல்லவங்கதான்... டீ கிளாஸை வாய்கிட்ட நீட்டுவோம், சோத்து டப்பாவத் திறந்து குடுப்போம். "நீங்க உக்காருங்க தாஸு, நாங்க பாத்துக்குறோம்"னு யாராச்சும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

ஒரு நாள் என்கிட்ட சொன்னாரு. "செல்வி, இந்த வார்த்தைய இன்னொரு தடவை கேட்டேன்னா ஊரை வுட்டே ஓடிடுவேன்."

தூண்டில்னா அவருக்கு உசுரு. கை போனதுக்கு அப்புறம் ஃபிரெண்ட்ஸுங்க அவரைக் கரையில உக்கார வெச்சுட்டு, அவங்களே பிடிச்சு, மீனை மட்டும் கையில குடுத்து அனுப்புவாங்க. அந்த மீனை அவரு சாப்பிட மாட்டாருன்னு அக்கா சொல்லுவாங்க.

அப்பதான் அந்த கயாக் வந்துச்சு. 2006... இல்ல 2007.

ஒரு ஆளு மட்டும் உக்காந்து துடுப்பு போடுற பிளாஸ்டிக் போட்டு. பாண்டிச்சேரியில ஒரு ரிசார்ட்டுல அடி விரிசல் விட்டுடுச்சுன்னு தூக்கிப் போட்டதை, அங்க வேலை பாத்த அண்ணனோட மச்சான்காரர் மினி லாரியில ஏத்தி அனுப்பிட்டாரு. மண்ணு கொட்டிக் கீரை போட்டுக்கங்கன்னு!

அண்ணன் ரெண்டு நாள் அதைச் சுத்திச் சுத்தி வந்தாரு. அப்புறம் சொன்னாரு, "துடுப்புக்குத்தான் ரெண்டு கை வேணும். எனக்குக் கால் ரெண்டும் நல்லா இருக்குது இல்ல?"

நீல பிளாஸ்டிக் டிரம்முல வெட்டுன ஒரு துண்டை சால்டரிங் அயர்ன்ல உருக்கி விரிசலை அடைச்சாரு. பழைய சைக்கிள் பெடலை நடுவுல மாட்டி, ரெண்டு பக்கமும் தண்ணியத் தள்ளுற சக்கரம். வெல்டிங்குக்கு மட்டும் பட்டறை... மிச்சமெல்லாம் இடது கை, முட்டி, பல்லு.

"நான் பிடிக்கட்டுமாண்ணே?"ன்னா, "கேட்டா பிடி. கேக்கலன்னா சும்மா வேடிக்கை பாரு"ம்பாரு.

மொத தடவை தண்ணியில இறக்கினப்போ பத்தடி போறதுக்குள்ள கவுந்துடுச்சு. நல்லவேளை, இடுப்பளவு தண்ணி. நாங்க பதறிக்கிட்டு ஓடுறோம், அவரு எழுந்து நின்னு சிரிக்குறாரு. "உசரமா உக்காந்துட்டேன் செல்வி!"

அடுத்த வாரம் முனை அடைச்ச பிவிசி பைப்பு ரெண்டு, ரெண்டு பக்கமும் மிதவையா வந்துச்சு. தூண்டிலைச் சொருக முன்னாடி ஒரு பைப்புத் துண்டு. நங்கூரத்துக்கு, கம்பெனியில ரிஜெக்ட் ஆன இன்சுலேட்டர் நாலு.

பின்னாடி சுக்கானும் வெச்சாச்சு. இடது கை தூண்டிலுக்கு வேணும், அதைத் திருப்பத்தான் கை இல்ல.

ரொம்ப யோசிச்சாரு. அப்புறம் சைக்கிள் டியூப்புல ஒரு வளையம் பண்ணி சுக்கான் கம்பியில கட்டி, அந்தப் பாதி வலது கையை அதுக்குள்ள விட்டுத் தள்ளினாரு. சுக்கான் திரும்புச்சு.

கை போனதுல இருந்து அந்தப் பாதிக் கையை அவரு சட்டைக்கு வெளியில எடுத்து நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை... விருத்தாசலத்துக்கு மேற்கால மங்களூர்னு ஒரு ஊரு, அது பக்கம் ஒரு ஏரி. மீன் குத்தகை எடுத்தவரு அண்ணனுக்குத் தெரிஞ்சவரு. "தூண்டில்தானே, போட்டுக்க. ஆனா தனியா போவாத தாஸு, என் ஆளு பரிசல்ல கூட வரட்டும்"னாரு.

"வேணாங்க"ன்னாரு. இடுப்புல லாரி டியூப்பைக் கட்டிக்கிட்டு, பெடலை மிதிச்சுட்டுப் போயிட்டாரு.

பத்து மணி இருக்கும். தூண்டில் வளைஞ்சுச்சு பாருங்க... போட்டையே இழுத்துக்கிட்டுப் போவுது!

கரையில ஒரே கத்தல். "தூண்டில் நரம்பை அறுத்து வுட்டுடு தாஸு!"ங்கறாரு குத்தகைக்காரர். அக்கா ஜெபமாலையை எடுத்துட்டாங்க.

மீனு சட்டுனு பக்கவாட்டுல திரும்பி சக்கரத்துக்கு அடியில பூரப் பாத்துச்சு. நரம்பு அதுல சுத்துனா எல்லாம் முடிஞ்சுது. அண்ணன் மிதிக்கறதை நிறுத்திட்டு, வலது தோளால சுக்கானை ஒரே தள்ளு... மொத்த போட்டும் மீனைப் பாத்துத் திரும்பிடுச்சு!

அதுக்கப்புறம் இடது கை மட்டும் தூண்டில் ரீலைச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சுத்துவாரு, நிறுத்துவாரு, கொஞ்சம் வுடுவாரு, திரும்பவும் சுத்துவாரு. அரை மணி நேரம்.

கடைசியில தூண்டில் அது பாட்டுக்கு பைப்புல நிக்க, அந்த ஒத்தக் கையால போட்டுல வெச்சிருந்த கைவலையைக் கீழ விட்டு அள்ளினாரு. கட்லா. கரையில இருந்தே அது தலை தெரிஞ்சுது, அவ்ளோ பெருசு!

வேடிக்கை பாக்க வந்திருந்த எங்க செக்‌ஷன் பொம்பளைங்க போட்ட சத்தத்துல ஏரியில இருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு.

கரைக்கு வந்ததும் குத்தகைக்காரர் ஓடிப்போய் கையை நீட்டினாரு. "நீ உக்காரு தாஸு, நான் தூக்கிட்டு வரேன்."

அண்ணன் செவுளுக்குள்ள விரலை விட்டு, மீனைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினாரு. "இன்னைக்கு நீங்கல்லாம் உக்காருங்க. நான் பாத்துக்குறேன்."

அன்னைக்கு மத்தியானம் அவங்க வூட்டுல பதினாலு பேரு சாப்பிட்டோம். கொழம்பு அக்கா வெச்சாங்க, பரிமாறினது முழுக்க அண்ணன். இடது கையால போடுறாரேன்னு ஒருத்தர் முகமும் மாறல. அவரும் தட்டு நிறைய மீன் வெச்சு சாப்பிட்டாரு.

அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம்... ஞாயித்துக்கிழமைன்னா அண்ணன் தண்ணியிலதான். போன பொங்கலுக்குப் போனப்பகூட, "வா செல்வி, புது சீட்டு மாட்டியிருக்கேன் பாரு"ன்னு வாசல்லயே பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு.

நான் இருக்குற திருப்பூர்ல இருந்து கெளம்பி, இப்போ பஸ்ஸு ஆத்தூர் தாண்டிடுச்சு.

வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணே. நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடிடாதீங்கன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன்.