பாட்டின் கடைசியில் ஒரு பெயர்

நேற்று அலமாரிக்கு அரக்கு மெருகு பூசினார்கள். பழைய இசைத்தட்டுகளும் அரக்கில் செய்தவைதான்; அந்த வாசனையில், ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்து பிரிக்ஃபீல்ட்ஸ் வீடும், பாடகியான அம்மாவும், இசைத்தட்டுக் கம்பெனி மேனேஜர் சாமி மாமாவும் திரும்பி வந்தார்கள். கம்பெனி மூடிக் கிடந்தது, பதிவு செய்ய மெஷின் இல்லை; ஆனாலும் அவர் ஞாயிறுதோறும் மரவள்ளிக்கிழங்குப் பையோடு சைக்கிளில் வந்து, அம்மா வயிறாரச் சாப்பிட்டு முடித்தபிறகே சன்னல்களைச் சாத்தி, நான் இருமிவிடாதபடி கண்ணாலேயே அடக்கி, பதிவு தொடங்குவதுபோலவே விரலை உயர்த்துவார். அந்த விரல் தாழ்வதற்குள், தட்டின் ஒரு பக்கம் ஓடும் மூன்று நிமிடத்தில் அம்மா ஒரு பாட்டை முடித்து, பழைய கிராமபோன் வழக்கப்படி கடைசியில் தன் பெயரையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அம்மா பெயரைச் சொல்லவில்லை.

"மெஷினே இல்ல, யாருக்குண்ணே சொல்றது?"

"கம்பெனிதானே மூடியிருக்கு, உங்க குரல் இல்லியே. பேரச் சொல்லுங்கக்கா."

ஜப்பான்காரன் சண்டை முடிந்து மெஷின் வந்தது. அம்மா முதல் தடவையிலேயே பாடி முடித்து, பழக்கத்தில் பெயரையும் சொல்லிவிட்டாள். பெயரைத்தான் தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தில் அச்சடிக்கிறோமே, மறுபடி பாடட்டும் என்றார் இன்ஜினியர். "இருக்கட்டும்லா" என்றார் மாமா.

அச்சடித்த காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. தட்டைச் சுழலவிட்டால், பாட்டின் கடைசியில் அம்மாவின் பெயர் இன்றும் கணீரென்று கேட்கிறது.