முந்திக்கொண்டு சொன்ன சேதி

அகாடமியில் அவரை எல்லோரும் மணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தேசிய அறிவியல் அகாடமியின் பொதுச்சபை கூடும்போது தலைவரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, பேசுகிறவரின் நேரம் முடிந்ததும் பித்தளை மணியை ஆட்டுவது அவர் வேலை. எப்பேர்ப்பட்ட மேதையும் அந்தச் சத்தத்துக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மற்ற நாட்களில் நாற்காலி துடைப்பார், கூட்ட அறைகளைத் திறந்து மூடுவார், கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவார்.

சுற்றிக் காட்டுவது என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஒரு டாக்டரும் ஒரு நில அளவையாளரும் நட்சத்திரப் பைத்தியம் பிடித்த ஒரு பள்ளி ஆசிரியரும் சேர்ந்து அகாடமியை ஆரம்பித்த கதையை, கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்லுவார். கணக்கு அறிவியலா இல்லையா என்று முதல் கூட்டத்திலேயே சண்டை வந்ததும், கணக்கு வாத்தியார் ஒருவர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனதும், மழையில் அவர் பின்னால் குடையோடு ஓடிப் போய் மற்றவர்கள் கெஞ்சியதும் வரும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். அதன் பிறகு அரசாங்கம் சாசனம் தந்தது, பழைய சுங்கக் கட்டடம் அகாடமிக்கு வந்தது, கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், புவியியல் என்று பிரிவுகள் உண்டாயின. புது உறுப்பினரை முதலில் அந்தந்தப் பிரிவு ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். ஒரு வாரம் கழித்து எல்லாப் பிரிவும் கூடிய பொதுச்சபை அதை ஏற்கவோ தள்ளவோ செய்யும்.

"அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது," என்பார் மணிக்காரர், குரலைத் தாழ்த்தி. "ஏன்னு கேளுங்க. தோத்துப் போறவரு நாலு பேர் முன்னாடி தலைகுனியக் கூடாதுல்ல? அதுக்குத்தான்."

இந்த வார்த்தையை எத்தனையோ முறை சொன்ன அந்த வாய்தான் அவரைக் கவிழ்த்தது.

அவருடைய தங்கையின் கணவர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். பாசிகளை ஆராய்பவர். கல்யாணமான புதிதில் வீட்டுக் குளியலறைச் சுவரைத் தேய்த்துக் கழுவவே விடவில்லை என்று தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அதிர்ந்து பேசாத மனிதர். விசேஷ வீடுகளில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் மணிக்காரரைத் தோளில் கைபோட்டு இழுத்து, "எங்க மச்சான், அகாடமில இருக்காரு," என்பார். என்ன வேலை என்று சொல்ல மாட்டார். மணிக்காரரும் சொல்ல மாட்டார். அந்த ஒரு நிமிஷம் அவருக்குத் தித்திப்பாகவும் இருக்கும், உள்ளே எங்கோ உறுத்தவும் செய்யும்.

அந்த வருஷம் உயிரியல் பிரிவின் புது உறுப்பினர் தேர்தலில் மாப்பிள்ளையின் பெயர் வந்தது. பிரிவுக் கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியேறியதும் கரும்பலகையைத் துடைக்க மணிக்காரர் உள்ளே போனார். பலகையில் மாப்பிள்ளையின் பெயருக்கு நேராக வாக்குக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மற்ற இரண்டு பெயர்களும் பக்கத்தில்கூட வர முடியாது. துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அன்றைக்கு அவர் நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பஸ்ஸை மாற்றிப் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார்.

"மாப்பிள்ளை, கையக் குடுங்க! ஜெயிச்சாச்சு!"

அப்போதுதான் வீடு திரும்பிய மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "யாரு சொன்னா மச்சான்? இன்னும் பொதுச்சபை இருக்கே?"

"பொதுச்சபையா? இத்தனை வருஷமா அங்கதானே நிக்கிறேன்? பிரிவு சொன்னா அவங்க தலையாட்டுவாங்க. அவ்வளவுதான்."

தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். "நீ வந்து சொல்லணும்னு இருந்திருக்கு பாருண்ணே." அந்த வார்த்தை கேட்டதும் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று கிளம்பும்போது சொன்னார்தான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தங்கை பக்கத்து வீட்டில் மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி மாப்பிள்ளையின் துறையில் எழுத்தராக இருப்பவருக்குச் சொந்தம். இரண்டே நாளில் துறை வாசலில் மாணவர்கள் வாழ்த்து எழுதி ஒட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை அதைக் கிழித்தார். கிழித்ததையும் நாலு பேர் பார்த்தார்கள்.

பொதுச்சபை அன்று மணிக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் பெயரைத் தலைவர் வாசித்து முடிப்பதற்குள், கட்டைக் குரல்கொண்ட ஒரு வேதியியல்காரர் எழுந்தார்.

"பிரிவு முடிவு வெளியில போயிருக்கு. பல்கலைக்கழகத்துல வாழ்த்தே ஒட்டியாச்சாம். இந்த மனுஷன் உள்ள ஆள் வச்சு விசாரிச்சிருக்காரு. பதவிக்கு இப்படி அலையுறவரு நமக்கு வேணுமா?"

சபை முணுமுணுத்தது. இன்னொருவர் எழுந்து, நல்ல ஆராய்ச்சியாளர்தான், ஆனால் நடத்தை என்று ஒன்று இருக்கிறதே என்றார். அலைவதா? வருஷத்தில் பாதியைப் பாறை இடுக்கில் குப்புறப் படுத்துக் கழிக்கிற மனிதரையா? மணிக்காரருக்குக் காது மடல் எரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும்: நான்தான் சொன்னேன், அவர் கேட்கவேயில்லை. ஊழியர்கள் சபையில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை அவர் பிடித்துக்கொண்டார். வேதியியல்காரரின் நேரம் முடிந்தபோது மணியை ஆட்டினார். அவர் உட்கார்ந்தார். வாக்குப் பெட்டி சுற்றி வந்தது. எண்ணிப் பார்த்ததில் மாப்பிள்ளைக்கு வேண்டிய வாக்குகள் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை மணிக்காரர் செயலாளரின் அறைக்குப் போய் நின்றார். செயலாளர் ஒரு வயதான அம்மையார், புவியியல் பிரிவைச் சேர்ந்தவர்; மேசையில் காகிதங்களுக்கு மேல் விதவிதமான கற்களை வைத்திருப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து ஏன் சொல்லல?"

"ஊழியர் பேசக் கூடாதுன்னு விதி இருக்குங்கம்மா."

"இருக்கு. நீங்க எங்கிட்ட வந்து காதுல சொல்லியிருக்கலாமே? நான் வாக்கெடுப்ப நிறுத்தியிருப்பேனே?"

அது அவருக்கும் தெரியும். நேற்றே, அங்கே நின்றபோதே தெரியும். செயலாளரின் நாற்காலி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட, இனி யாரும் தன்னை நம்பி உள்ளே விடமாட்டார்களே என்ற பயம்தான் அவரை அசைய விடவில்லை.

முடிந்த வாக்கெடுப்பைத் திரும்ப நடத்தச் சாசனத்தில் வழியில்லை. பேராசிரியர் மேல் தப்பில்லை என்று எல்லாப் பிரிவுக்கும் தெரிவிப்பதாகச் செயலாளர் சொன்னார், சொன்னபடி தெரிவித்தார். மணிக்காரரை வேலையிலிருந்து நீக்கவில்லை. கூட்டங்களிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்துக் கருவிக் கிடங்குக்கு அனுப்பினார். அடுத்த தேர்தலுக்கு உயிரியல் பிரிவு மறுபடி கேட்டபோது மாப்பிள்ளை, வேண்டாம் என்று மரியாதையாக மறுத்துவிட்டார்.

தங்கை வீட்டுக்குப் போக அவருக்கு வெகுநாள் பிடித்தது. கடைசியில் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, நான்..."

"விடுங்க மச்சான். நானும்தான் அன்னைக்கு ராத்திரி சந்தோஷமாத் தூங்கினேன். உங்கள வாய மூடுன்னு சொன்னேனா?"

அடுக்களையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அவரு விட்டுடுவாரு. அவரத் திருடன் மாதிரி பேசறத நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியேண்ணே, அதத்தான் என்னால தாங்க முடியல."

மனைவி எழுந்து அடுக்களைக்குள் போனாள். உள்ளே இரண்டு பெண்களும் தணிந்த குரலில் எதையோ பேசினார்கள்.

வருஷங்கள் ஓடின. தங்கை மறுபடி முகம் பார்த்துப் பேசினாள், பழைய கேலி மட்டும் திரும்பவில்லை. மாப்பிள்ளை மாறவேயில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பல்கலைக்கழகத்துக்காரர்கள் நாலைந்து பேர் நடுவே, எப்போதும்போல இவரைத் தோளில் கைபோட்டு இழுத்தார்.

"எங்க மச்சான். அகாடமில இருக்காரு."

ஒருவர் ஆர்வமாகக் கை நீட்டினார். "அப்படியா சார்? எந்தப் பிரிவு?"

"கிடங்குல, சார்," என்றார் அவர். "கருவியெல்லாம் துடைச்சு வைப்பேன். முன்னாடி மேல இருந்தேன். தப்புப் பண்ணினேன், கீழ அனுப்பிட்டாங்க."

கை நீட்டியவர் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தார். மாப்பிள்ளையின் கை தோளிலிருந்து நகரவில்லை. அந்தக் கையின் கனத்தில் அவருக்கு நிமிரவே முடியவில்லை.