எண்பதாம் நாளுக்கு முன்னால்

எங்கள் கோஜாம் பக்கத்தில் சுகாதாரப் பணியாளர் யெஷாரெக்கைத் திட்டாத பெண் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டால், சொல்ல வந்ததைச் சொல்லாமல் நகரமாட்டாள்.

பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அட்டையில் ஒரே நாள்தான் குறிப்பாள். நாற்பத்தைந்தாம் நாள் வந்து கையில் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டால் மூன்று வருஷம் கரு தங்காது. ஆண் பிள்ளை பெற்றவர்கள் போவார்கள். அவர்களுக்கு நாற்பதாம் நாளே ஞானஸ்நானம் முடிந்துவிடும். பெண் பிள்ளைக்கு எண்பது. அதுவரை தாய் வாசலைத் தாண்டக்கூடாது, புருஷன் கிட்டே வரக்கூடாது. எங்கள் சபைச் சட்டம் அப்படி. வீட்டுக்குள் நடப்பதை என்னிடம் கேட்காதீர்கள்!

மூத்தவளைப் பெற்றபோது, மாதவிலக்கே இன்னும் வரவில்லை, என்ன ஆகிவிடப்போகிறது என்று அசட்டையாக இருந்தேன். பதினோரு மாதத்தில் இளையவள் பிறந்தாள். ரத்தம் நிற்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். உடனே இன்னொன்று தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் நாற்பத்தைந்தாம் நாள் நான் போகவில்லை.

மறுநாள் மரியாள் திருநாள். கோவிலுக்கு வெள்ளை போர்த்திக் கிளம்பிய யெஷாரெக், மருந்துப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

என் வீட்டுக்காரர் பெலாய் மறித்தார். "எண்பது ஆகட்டும்க்கா. இப்பவே வெச்சா ஊரு என்ன பேசும்? எண்பது நாள் பொறுக்காதவன்னுதானே?"

"நீ பொறுத்த லட்சணம் ஊருக்கே தெரியும் தம்பி. பதினோரு மாசம்! யாருக்கும் எண்ணத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

யெஷாரெக் குரலைத் தணித்தாள். "அன்னிக்குக் கட்டிலோட முன்கால பிடிச்சது நீதானே? மறுபடியும் தூக்கணுமா?"

அவர் முக்காலியை எடுத்துக் கதவோரம் போட்டு, என்னிடம், "இங்க உக்காரு. இங்கதான் வெளிச்சம்" என்றார்.

யெஷாரெக் என் கை மரத்துப்போக ஊசி போட்டு, குச்சியை வைத்து, கட்டுப் போட்டாள். "சால்வையப் போத்திக்கோடி. யாரு பாக்கப்போறா?"

நான் பழக்கதோஷத்தில் வெண்ணெய்க் களியை நீட்டிவிட்டேன். பிரசவ வீட்டில் கை நனைத்தவர் அன்று கோவிலுக்குள் போகக்கூடாது. ஐயோ என்று பதறி இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் அவள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"வெண்ணெயே காணோம், கஞ்சப்பயலே" என்று பெலாயைச் சீண்டினாள். ஒரு மரியாள் திருநாளையும் விடாதவள், அன்று கோவில் மதிலுக்கு வெளியே நின்று பூசை கேட்டாளாம். அதைக் கேள்விப்பட்டதும் அழுதுவிட்டேன்.

எண்பதாம் நாள் கோவிலில் இளையவளுக்கு ஞானத்தாய் யார் என்று பாதிரியார் கேட்டபோது, பெலாய்தான் முந்திக்கொண்டு யெஷாரெக் பெயரைச் சொன்னார். மூத்தவளின் எண்பதாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு அதே கோவில் படியேறியபோது என் வயிற்றில் இன்னொருத்தி இருந்தது எனக்கே தெரியாது. இந்தத் தடவை ஒருத்தியைத்தான் சுமந்துகொண்டு போனேன்.