ஒன்பதாம் பெயரோடு நின்ற சுற்று

அவளுக்கு அம்புக்குறி என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பஸ் கம்பெனியின் ஓட்டுநர்கள். தலைமை அலுவலகத்தில் எப்போது எட்டிப் பார்த்தாலும் கணினித் திரையில் கட்டங்களைப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு இழுத்துக்கொண்டிருப்பாள். லீவு கடிதம் தானாக மேலாளருக்குப் போவதும், பழுதான பஸ்களின் பட்டியல் தானாகப் பட்டறைக்குப் போவதும் அவள் இழுத்த அம்புகளால்தான். டிக்கெட் கவுண்டரில் ஏழு வருடம் உட்கார்ந்து எழுந்தவள். யாரிடமும் பாடம் கேட்காமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டாள். கேட்டால், "படம் போடத் தெரிஞ்சா போதும், இதுல என்ன பெரிய வித்தை" என்பாள். வித்தைதான். அவள் வருவதற்கு முன் லீவு கடிதம் மேசை மேசையாக அலைந்து, ஆள் லீவு முடிந்து திரும்பிய பிறகுதான் கையெழுத்தாகும்.

ஊருக்கெல்லாம் வழி போட்டுக்கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக்குப் போகத்தான் வழி இல்லை. கணவனும் ஆறு வயது மகளும் நாலு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில். அவன் அங்கே லிஃப்ட் பழுது பார்க்கிறான். இரண்டு சம்பளமும் இருந்தால்தான் வண்டி ஓடும் என்பதால் யாரும் வேலையை விட முடியவில்லை. இவள் ஒரு தையல் கடையின் மாடியில் தனி அறையில் இருந்தாள். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். மகள் அங்கே பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து, "இது அம்மா தட்டு" என்று சொல்லிவிட்டாள். அப்பாவின் கைக்குட்டையைக்கூட அதில் வைக்க விடமாட்டாள். அம்மா மாற்றல் வாங்கிக்கொண்டு வரும்போது துணி வைக்க இடம் வேண்டுமாம்.

மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாற்றல் பட்டியலைப் பார்ப்பதும் அவள் போட்ட படம்தான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அது பட்டியலின் முதல் பெயரை எடுக்கும். அவர் கேட்ட பணிமனையில் அவர் வேலைக்கு இடம் காலியாக இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் அடுத்த பெயர். இப்படியே சுற்றிச் சுற்றி வரும். ஆனால் கம்பெனியில் ஒரு விதி உண்டு. தன் பெயர் பட்டியலில் இருப்பவர் அந்த வேலையைத் தொடக்கூடாது. சரியான விதிதான், அவளே ஒத்துக்கொள்வாள். அதனால் தன் பெயரைச் சேர்த்த அன்றே அந்தப் படத்தை எதிர்மேசைக்காரியிடம் ஒப்படைத்தாள்.

எதிர்மேசைக்காரி இவளைவிட இரண்டு வயது சின்னவள். வாய்க்கு வாய் அக்கா. டப்பாவில் பாதிச் சாப்பாட்டை இவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். இவள் மகளுக்கு அவள் சித்தி. கணினி என்றால் மட்டும் பயம், அதனால் அவள் வேலையில் முக்கால்வாசி இந்த மேசைக்கு வந்து முடிந்து போகும். மூன்று நாள் பக்கத்தில் உட்காரவைத்து அம்புக்குறி சொல்லிக்கொடுத்தாள்.

"காலி இடமெல்லாம் தீர்ந்துபோச்சுன்னா, மிச்சப் பேரைப் பாத்து என்ன பிரயோஜனம்? அந்த இடத்துல இந்தக் கட்டத்தைப் போடு. 'சுற்றை முடி'ன்னு இருக்கு பாரு. அதோட நின்னுடும்."

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

பக்கத்தில் 'இதை விட்டு அடுத்ததுக்குப் போ' என்று இன்னொரு கட்டமும் இருந்தது. அன்றைக்கு மணி ஐந்தாகிவிட்டது, அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், கணவன் இருக்கும் ஊர்ப் பணிமனையில், இவள் பார்க்கும் அதே குமாஸ்தா வேலைக்கு ஓர் இடம் காலியானது. செய்தி கேட்டதும் அம்புக்குறி முதலில் சொன்னது கணவனிடம் அல்ல, எதிர்மேசைக்காரியிடம். அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாளே பூப்போட்ட காகிதச் சுருள் ஒன்று வாங்கிவந்து, "பாப்பாகிட்ட குடுங்கக்கா, உங்க தட்டுல விரிக்கட்டும்" என்றாள். அந்தச் சனிக்கிழமையே இவள் அதை மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதல் மாதம் வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. "மேலிடத்துல பேச்சு நடக்குதாம்க்கா, நான் விசாரிச்சேன், கண்டிப்பா வந்துடும்" என்றாள் எதிர்மேசைக்காரி. தன் பெயர் இருக்கும் பட்டியலைத் துருவுவது மரியாதை இல்லை என்று அம்புக்குறி திறந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். மூன்றாவது மாதமும் போனது.

அந்த வாரம் ஓர் ஓட்டுநர் மேசை முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"மேடம், என் ஊர் டிப்போல ஒரு டிரைவர் இடம் மூணு மாசமா காலி. தற்காலிக ஆளை வெச்சு ஓட்டுறாங்க. அதைக் கேட்டது நான் ஒருத்தன்தான். ஏன் வரல?"

"எனக்குத் தெரியாதுங்க. அதை நான் பாக்கிறதில்ல."

"நோட்டீஸ் போர்டுல பட்டியல் ஒட்டுறாங்கல்ல, நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம். உங்க பேருக்கு மேல இருக்கிறவங்களுக்கு வருது. உங்க பேருக்குக் கீழ ஒருத்தருக்குக்கூட வரல. அம்புக்குறிதான் ஏதோ பண்ணி வெச்சிருக்கான்னு பசங்க பேசிக்கிறாங்க. நான் நம்பல. அதான் நேர்ல கேக்கலாம்னு வந்தேன்."

அவர் போன பிறகும் காது சுட்டது. எதிர்மேசைக்காரி அன்று லீவு. தொடத்தான் கூடாது, பார்க்கலாம் என்று படத்தைத் திறந்தாள். எத்தனை முறை சுற்றியது என்ற கணக்கு ஓரத்தில் இருந்தது. முதல் மாதம் பதினேழு. அடுத்த மாதம் பன்னிரண்டு. போன மாதம் ஒன்பது. பட்டியலில் நாற்பது பேருக்கு மேல், இடமும் மிச்சம் கிடக்கிறது, பிறகு ஏன் ஒன்பதோடு நின்றது? தன் பெயர் எத்தனையாவது என்று பார்த்தாள். மேலே இருந்தவர்கள் மாற்றலில் போகப் போக இவள் பதினேழிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறி, ஒன்பதுக்கு வந்திருந்தாள்.

சுற்றின் நடுவில் அவள் போடாத ஒரு கட்டம் இருந்தது. திறந்தாள். பணியாளர் எண் இதுவாக இருந்தால், என்று கேள்வி. அது அவளுடைய எண். அதிலிருந்து ஓர் அம்பு நேராக 'சுற்றை முடி'க்குப் போயிற்று. கட்டம் போட்ட தேதியும் இருந்தது. பூப்போட்ட காகிதம் வந்த அதே நாள்.

எதிரி செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். தன்னிடமே கற்றுக்கொண்டு, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாள். அதற்கு மேல் மூன்று மாதம் முதுகைத் தடவி ஆறுதல் வேறு. எந்த வயிற்றில் பிறந்த மனசு இது என்று அம்புக்குறி வாய்விட்டே சொன்னாள். கேட்க யாரும் இல்லை.

மறுநாள் காலை எதிர்மேசைக்காரி வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க."

"சொல்லு."

"நீங்க போயிட்டா இந்த வேலை மொத்தமும் என் தலையில விழும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சுடும். எனக்கு இங்க வேற யாரு இருக்காங்கக்கா?"

"அதைச் சொல்லியிருந்தா, உனக்கு முழுசா கத்துக்குடுத்துட்டுப் போயிருப்பேனே."

எதிர்மேசைக்காரி மூக்கை உறிஞ்சினாள். "சத்தியமா உங்களை மட்டும் தாண்டிப் போகும்னுதான் நினைச்சேன். பின்னாடி இருக்கிறவங்களுக்கும் நின்னுடும்னு தெரியாதுக்கா. பாவம் அவங்க."

"அவங்களுக்காகத்தான் வருத்தப்படுறியா?" என்று மட்டும் கேட்டாள் அம்புக்குறி.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். விதியை ஒரு நாளைக்கு ஓரமாக வைத்து, தன் கண் முன்னாலேயே சரி செய்யச் சொன்னார். அம்புக்குறி அந்தக் கட்டத்தை அழித்தாள். படம் நடுவில் நிற்காமல் கடைசிப் பெயர் வரை ஓடியது. பதினோரு பேருக்கு இடம் கிடைத்தது. ஓட்டுநருக்கும் கிடைத்தது. ஒன்பதாவது வரிசைக்கு நேராக, 'இடம் இல்லை' என்று வந்தது.

"அது எப்படி சார்? அங்க ஒரு இடம் இருந்துச்சே."

மேலாளர் வேறொரு கோப்பைப் புரட்டினார். பஸ் ஓடியாக வேண்டும், அதனால் ஓட்டுநர் இடத்தை யாரும் எடுக்கமாட்டார்கள். ஆனால் அலுவலக இடம் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் தேவையில்லை என்று அர்த்தம். போன வெள்ளிக்கிழமை அந்த இடத்தையே ரத்து செய்திருந்தார்கள்.

"யாரும் கேக்கலைன்னு நினைச்சிருக்காங்கம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எதிர்மேசைக்காரியை மேல் மாடிக்கு மாற்றினார்கள். போகும்போது இவள் மேசையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். அம்புக்குறி அதைத் திறக்காமல் உதவியாளரிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். சாயங்காலம் ஓட்டுநர் மனைவியையும் அழைத்துவந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது.

அறைக்குத் திரும்பும் வழியில், தையல் கடை வாசலில் நின்றே வீட்டுக்குப் பேசினாள். கணவன் முழுவதும் கேட்டுவிட்டு, "அடுத்து எப்போ இடம் வரும்?" என்றான்.

"இடமே இல்லைங்க. இனிமே வராது. அந்தத் தட்டுல பாப்பாவோட ஸ்கூல் துணியை வெச்சிடுங்க."

போன் மகளின் கைக்குப் போயிற்று.

"அப்போ உன் துணியை எங்கம்மா வெப்பே?"

"என்கிட்டயே இருக்கட்டும் கண்ணு. நீ ஒண்ணு செய். அதுல விரிச்சிருக்கிற காகிதத்தை எடுத்துப் போட்டுடு."

"பூப்போட்டதா? அது சித்தி குடுத்ததாச்சே."

"ஆமா" என்றாள் அவள். "அதனாலதான்."