அடைத்து வைத்த சொல்

தி. நகர் ரங்கநாதன் தெருப் பக்கத்துச் சந்துகளில் போய் அப்துல் வஹீதைத் தெரியுமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். வைரஸ் பாய் என்று கேட்டால் போதும், இப்போதுதான் அந்தப் பக்கம் போனார் என்று கை காட்டுவார்கள். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கறுப்புப் பை, சட்டைப் பையில் இரண்டு பென்டிரைவ், கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கடை கடையாகப் போய்க் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுப்பது, வருடா வருடம் அதைப் புதுப்பிப்பது, நடுவில் மக்கர் பண்ணினால் ஓடிப்போய்ப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. ராயப்பேட்டையில் பிறந்து, ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்ட ஆள்.

யாரோடும் அவருக்கு ஒத்துப்போகும். மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் மாமா இருக்கிறார். "வஹீத், கார்த்தாலேருந்து பாத்துண்டே இருக்கேன், ஒரு மெயிலும் வரலை. நீதான் என்னத்தையோ கிளறி விட்டுட்டே" என்று குதிப்பார். "மாமா, உங்காத்துல நெட்டே இல்லாம கீது, அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்" என்று வஹீத் சிரிப்பார். மாமாவும் காபி கொடுத்துத்தான் அனுப்புவார். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வஹீதிடம் ஒரு பெரிய குறை உண்டு. முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வராது. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் நமக்கென்ன என்று இருந்துவிடுவார். அவரைக் கவிழ்த்ததும் அந்தக் குணம்தான்.

அய்யாதுரை அண்ணாச்சிக்குச் சேலை மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வீடு கே.கே. நகரில். அவர் மனைவி தங்கம் மதியம் சாப்பாட்டுக் கூடையோடு கடைக்கு வந்தால் சாயங்காலம்வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். வஹீதைக் கண்டால் விடமாட்டாள். "வாங்க தம்பி, இன்னைக்குச் சொதி வச்சிருக்கேன். நாளைக்கு வந்தா வெறும் ரசந்தான்" என்று தட்டை வைத்துவிடுவாள். கூடப்பிறந்த அக்கா இல்லாத வஹீதுக்கு அந்தக் கடைக்குப் போவதென்றால் ஒரு சந்தோஷம்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அண்ணாச்சி சாமி படத்துக்கு விளக்கேற்றுவார். சூடத் தட்டைக் கல்லாப் பெட்டிக்குக் காட்டி, பில் போடும் கம்ப்யூட்டருக்கும் காட்டுவார். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். சூடம் அணைந்ததும் முதல் வேலை மெயிலைத் திறப்பது. அதில் முதலில் கண்ணில் படுவது எதுவோ அதை வைத்துத்தான் அன்றைய வியாபாரம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆர்டர் வந்திருந்தால் முகம் மலரும். கடன் வேண்டுமா என்று விளம்பரம் வந்திருந்தால் அன்று கடைப் பையன்கள் பாடு திண்டாட்டம்.

போன வருடம் கார்த்திகையில் எங்கிருந்துதான் அண்ணாச்சியின் முகவரி கிடைத்ததோ, கேன்சர் இன்சூரன்ஸ், கேன்சருக்குப் பொடி, கேன்சருக்கு மூலிகை என்று விளம்பரங்கள் கொட்டத் தொடங்கின. அண்ணாச்சி வஹீதைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாய், சூடம் காட்டிட்டுக் கண்ணத் தொறந்தா இந்தப் பேருல்லா வந்து நிக்குது. யாவாரம் படுத்துக் கெடக்கு. இது வராதபடிப் பண்ணும்."

"எந்தப் பேரு அண்ணாச்சி?"

அண்ணாச்சி திரையில் விரலை வைத்துக் காட்டினாரே தவிர, வாயால் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. அந்தச் சீக்கு என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. கல்லாவிலிருந்து தங்கமும் சொன்னாள்: "ஆமா தம்பி, நாலு பொம்பளைங்க கல்யாணச் சேலை எடுக்க வார கடை. அந்தப் பேரு எதுக்கு இங்க?"

வஹீத் ஆன்டிவைரஸோடு சேர்ந்து வந்த மெயில் வடிகட்டியைத் திறந்து, தடுக்க வேண்டிய சொற்களில் அந்தச் சொல்லைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்துச் சேர்த்தார். "இனிமே அது இருக்கற மெயிலு எல்லாம் ஸ்பேம் பெட்டியில போய் விழும் அண்ணாச்சி. வாரத்துக்கு ஒரு தபா அதத் தொறந்து பாத்துக்கோங்க" என்றார்.

"குப்பைல கெடந்தாலும் எங்கடைக்குள்ளதான கெடக்கும். அந்தப் பொட்டியே எங்கண்ணுல படப்படாது பாய்."

அது சரியில்லை என்று வஹீதுக்குத் தெரியும். போகிற கடையிலெல்லாம் ஸ்பேமைப் பாருங்கள், ஸ்பேமைப் பாருங்கள் என்று கரடியாகக் கத்துகிறவர் அவர். ஆனாலும் அண்ணாச்சி கேட்டுவிட்டாரே. பெட்டியை மறைத்துக் கொடுத்தார். அதே லைசென்ஸில் போனுக்கும் இடமிருந்ததால், அண்ணாச்சியின் போனில் தெரியாத எண்களின் அழைப்பை வெட்டிவிடும் வசதியையும் கையோடு போட்டுவிட்டார். வாரக் கடைசியில் போனபோது, கடை நிம்மதியாக இருக்கிறது என்று அண்ணாச்சி சட்டைத் துணி ஒன்று கொடுத்தார். அந்தத் துணியை வஹீத் பக்ரீத்துக்குத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு முன்னால் கே.கே. நகரில் பெண்களுக்குப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. மருத்துவமனை வண்டி ஒன்று வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போக, தங்கமும் மார்பைப் படம் எடுத்துக்கொண்டாள். சந்தேகம் இருந்தால் மட்டும் கூப்பிடுவோம், மெயிலும் அனுப்புவோம் என்றார்கள். தங்கத்துக்கு மெயில் ஏது? கடை மெயிலையும் அண்ணாச்சி போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

சில வாரங்கள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தினமும் கடைக்கு வந்ததும் முதலில் மெயில் ஏதும் வந்ததா என்றுதான் கேட்பாள். வரவில்லை. வரவே இல்லை என்றானதும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, ஊரிலிருந்து அல்வா வரவழைத்துக் கடையில் எல்லோருக்கும் கொடுத்தாள். "ஒரு டெஸ்டு எடுத்தேன் தம்பி. ஒண்ணுமில்லன்னு ஆயிட்டு" என்று வஹீதுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். என்ன டெஸ்ட் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆனி மாதம் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. ஆடித் தள்ளுபடிக்குச் சூரத்திலிருந்து வர வேண்டிய விலைப் பட்டியல் வரவில்லை, அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் சாதிக்கிறார்கள். வஹீத் போய் உட்கார்ந்தார். இணையம் சரி. பாஸ்வேர்டு சரி. தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார், அதுவும் வந்தது. அப்படியானால் வடிகட்டிதான். மறைத்து வைத்த பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தார். தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்து மிரண்டு, சூரத் மெயிலை அது குப்பையில் போட்டிருந்தது.

"கெட்ச்சிருச்சு அண்ணாச்சி" என்றவர், வேறு ஏதும் நல்ல மெயில் மாட்டியிருக்கிறதா என்று கீழே தள்ளிக்கொண்டே போனார். பொடி, மூலிகை, லாட்டரி. அவற்றுக்கு நடுவே மருத்துவமனை மெயில் ஒன்று. அனுப்பியவர் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. திருமதி தங்கம் அவர்களுக்கு, படத்தில் சந்தேகத்துக்குரிய கட்டி தெரிகிறது, உடனே வரவும். தேதி ஜனவரி. அதற்கு மேலே இன்னொன்று. தொலைபேசியில் பலமுறை முயன்றும் தங்களைப் பிடிக்க முடியவில்லை. பிப்ரவரியில் மறுபடியும் அதே.

அந்த அல்வா எந்த டெஸ்டுக்கு என்று வஹீதுக்கு இப்போது புரிந்தது. யாருக்கும் தெரியாது, ஒரு தட்டுத் தட்டினால் மூன்றும் போய்விடும் என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர் பிற்பாடு தன்னையே காறித் துப்பிக்கொண்டது தனிக் கதை. எழுந்து நாற்காலியை அண்ணாச்சிக்கு விட்டார்.

"இதப் படிங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தேதியைப் படித்தார். மறுபடியும் தேதியைப் படித்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று வஹீத் நின்றுகொண்டிருந்தார். அவர் வஹீதின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், அவ வார நேரம். இது இன்னைக்கு வந்ததாவே இருக்கட்டும். நாமதான் அடச்சு வச்சோம்னு தெரிஞ்சா அவ அந்த நெனப்புலயே போயிருவா. இத அழிச்சிரும். எம்மேல ஆணை."

இப்போதும் வஹீதுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. மூன்றையும் அழித்தார். அழித்து முடித்தபோது தங்கம் கூடையோடு படியேறிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி சாமி படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சொல்ல வேண்டியது வஹீத் தலையில் விழுந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிலேர்ந்து மெயிலு வந்துக்கீது. உடனே வரச் சொல்றாங்கோ."

"எப்ப வந்துச்சு?"

"இப்பதான்க்கா."

தங்கம் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவாவது வந்துச்சே" என்றாள்.

அதற்குள் அது எலும்புக்குப் போயிருந்தது. முன்னமே வந்திருந்தால் கட்டியோடு எடுத்துப் போட்டிருக்கலாம் என்று டாக்டர் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணாச்சி அதை மனைவியிடம் சொல்லவில்லை, வஹீதிடம் சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா. கேட்டவர் ஸ்கூட்டரை அடையாறு பாலத்தின் ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளராகப் போய், தடுத்து வைத்திருந்த சொற்களையெல்லாம் எடுத்தார், பெட்டிகளையெல்லாம் வெளியே கொண்டுவந்து வைத்தார். யாரும் கேட்காமலே செய்தார். எனக்கு எதுக்கு ஓய் இந்தக் குப்பை என்று ஆடிட்டர் மாமா சத்தம் போட்டார். "கெடக்கட்டும் மாமா. குப்பையா இல்லையான்னு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் வந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி ஜஹீதா, "அவங்க கேட்டாங்க, நீங்க பண்ணீங்க. உங்க மேல இன்னா தப்பு?" என்று ஆறுதல் சொன்னாள். கேட்டதைச் செய்ததுதான் தப்பு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தட்டில் பாதியை வைத்துவிட்டுக் கை கழுவினார்.

புரட்டாசியில் அண்ணாச்சி கூப்பிட்டார். தங்கத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. அடுத்த மருந்து எப்போது, ரத்தம் எப்போது எடுப்பார்கள் என்று எல்லாம் கடை மெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தன் போனிலேயே பார்க்க வேண்டும் என்றாளாம். மத்தியானம் வஹீத் போனார். முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். சொதி ஊற்றிய கை குச்சியாகிக் கிடந்தது. அண்ணாச்சி இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார்.

"வாங்க தம்பி. சாப்பிட்டியளா?" என்றாள். பிறகு, "நீங்க அன்னைக்கு மெயில நோண்டிப் பாக்கலேன்னா எனக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. உங்க பிள்ளைங்க நல்லா இருக்கும்" என்றாள்.

வஹீத் தலையைக் குனிந்துகொண்டு போனை வாங்கினார். கடை மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டார். ஆஸ்பத்திரி மெயில் மட்டும் தனியாகத் தெரிந்தால் போதும் என்று அவள் சொன்னதால், தேடும் இடத்தில் மருத்துவமனை பெயரையும் அடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "குடுங்க, எப்படி வருதுன்னு பாக்கேன்" என்று தங்கம் போனை வாங்கிக்கொண்டாள்.

அவள் வாங்கின பிறகுதான் அவருக்குச் சுரீரென்றது. வடிகட்டி இருப்பது கடைக் கம்ப்யூட்டருக்குள். அது குப்பையில் போட்டதும், அவர் அழித்ததும் அங்கே வந்து இறங்கிய நகல்களைத்தான். அசல் மெயில்கள் வெளியே சர்வரில் வந்தபடியே இருக்கின்றன. இத்தனை வருடத் தொழிலில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய சங்கதி. அன்றைய பதற்றத்தில் மறந்து தொலைத்திருந்தார்.

தங்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே கீழே தள்ளிப் படித்தாள். விரல் நின்றது.

"தம்பி, இது ஜனவரில்லா போட்டிருக்கு."

வஹீத் போனுக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"இப்பதான் வந்துச்சுன்னியளே."

"பொய் சொன்னேன்க்கா. அப்பவே வந்துச்சு. நான்தான் உள்ள வராம அடைச்சு வச்சிருந்தேன். ஒரு வார்த்தை இருந்தா விடாதேன்னு போட்டு வச்சிருந்தேன்."

"என்ன வார்த்தை?"

வஹீத் நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரில் அந்தச் சொல் இரண்டு மொழியில் பெரிதாக எழுதியிருந்தது.

"சொல்லுங்க தம்பி. இங்க எல்லாரும்தான் சொல்லுதாங்க."

"கேன்சர்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"நானுந்தான அன்னைக்குக் கல்லால இருந்தேன்" என்றாள் தங்கம். "அந்தப் பேரு எதுக்கு இங்கன்னு நானுந்தான சொன்னேன். கேட்டதும் பண்ணிட்டியளே தம்பி. நீங்களாவது மாட்டேன்னு சொல்லியிருக்கப்படாதா?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வஹீதுக்குத் தாங்கியிருக்கும். அழுதார். அவள் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

வராந்தாவில் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "மூஞ்சியத் தொடைங்க. நான் பாத்தது அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

இளநீரோடு உள்ளே வந்த அண்ணாச்சி வஹீதைப் பார்த்தார். பிறகு அவர் பக்கம் குனிந்து, மனைவிக்குக் கேட்காது என்று நினைத்து, அவள் காதில் நன்றாக விழும்படியே கேட்டார்: "பாய், அந்தப் பேரு இவ கண்ணுல படாதபடிப் பண்ணிட்டீருல்லா?"

வஹீத் வாயைத் திறப்பதற்குள் தங்கம் சொன்னாள்.

"பண்ணிட்டாரு. ஒண்ணும் தெரியல."