திருப்பக் கூடாத மீன்

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருந்த அறையை விட்டுவிட்டுப் பையோடு ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஏதோவொரு ஜன்னலிலிருந்து இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்த மீன் மணத்தது. பயத்தில் கால் நின்றுவிட்டது.

இப்போது அடுக்குமாடி நிற்கும் அந்தத் தெரு மூலையில்தான் அம்மா கோப்பை கழுவிய சீன உணவகம் இருந்தது. அவர்களுடைய வருடப்பிறப்பு விருந்துக்கு வேலையாட்களின் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். சிவப்பு விரிப்பு, சுழலும் வட்ட மேசை, மூடி திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி, மூத்தவரைப் பார்த்துத் தலை வைத்த முழு மீன், ஓயாத சிரிப்பு. எனக்கு ஏழு வயது. மேல் பக்கச் சதை தீர்ந்ததும், வீட்டில் செய்வதுபோல மீனைத் திருப்பிப் போட்டேன். சிரிப்பு நின்றது. சமையற்காரர் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார்.

"என்னம்மா?"

"மீனைத் திருப்பினால் வள்ளம் கவிழுமாம். விசர்க்கதை, நீ சாப்பிடு."

எங்களிடம் வந்து சேர அப்பா அந்த வாரம்தான் இத்தாலிக்குக் கள்ள வள்ளம் ஏறுவதாக இருந்தது.

பன்னிரண்டு நாட்கள், போன் அடித்தபோதெல்லாம் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தேன். கடைசியில் அப்பாவின் குரல் அம்மாவின் காதைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"சேர்ந்திட்டம், யோசிக்காதையும். பின்னால வந்த வள்ளம்தான் கவிழ்ந்திட்டுது."

அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நான் கவிழ்த்தது அந்த வள்ளத்தைத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மீன் மணத்த அந்த ஜன்னலைக் கடந்து ரயிலேறி, தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை அங்கே ஒரு தமிழ்க் கடையில் வேலை கேட்டேன்.

"மீன் வெட்ட ஏலுமோ, தம்பி?"

"ஏலாது, அண்ணை. மற்றதெல்லாம் செய்வன்."

அரிசி மூட்டை இறக்கும் வேலையைத் தந்தார்.