அம்மா கேட்ட வெள்ளை நிலம்

மரத்தூள் பறக்கும் இடத்தின் தரைக்கு வெள்ளை நிலம் போட்டவர்கள், நாங்கள் வந்து குடியேறிய லாசாலில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அதைக் கேட்டது அம்மா. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு ஏதோ விசர் என்றுதான் நினைத்தேன்.

அப்பா பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி ஏற்றினார். பின்னேரத்திலும் சனி ஞாயிறிலும் வீட்டுப் பேஸ்மென்டில் சாமி அலுமாரி செய்தார். அபார்ட்மென்டில் இருக்கிற எங்கள் சனத்துக்குச் சாமியறை வைக்க இடமில்லை. சுவரோடு நிற்கிற ஒரு சின்ன அலுமாரி போதும். இரண்டு கதவு, படங்கள் வைக்கத் தட்டு, கீழே கற்பூரமும் திரியும் போட இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி. அப்பா செய்தால் கதவு சத்தமில்லாமல் மூடும் என்று சொல்லுவார்கள்.

சாமி இருக்கப்போகிற சாமான் என்பதால் வெறுங்காலோடுதான் செய்வார். கோயிலுக்குள் நிற்பது மாதிரி. கீழே வெறும் சீமெந்து. மாரிக் குளிரில் அது பனிக்கட்டி. அப்பா அதில் மணிக்கணக்காய் நிற்பார், குளிருது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். பாதத்தில் உணர்வு செத்துக்கொண்டு வந்தது. குளிர்ந்தாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. இதைப் பெரியவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது, என் அப்பா குளிருக்குப் பயமில்லாதவர் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையடித்தும் இருக்கிறேன்.

அந்த வருசம் இலை கொட்டுகிற காலத்தில் அப்பா ஒரு திருகாணியை மிதித்துவிட்டார். மிதித்தது அவருக்கே தெரியவில்லை. சீமெந்து கறுத்துப்போய்க் கிடந்தது. வந்த இரத்தத்தை மரத்தூள் குடித்துவிட்டது. சில நாள் கழித்து அவருடைய சொக்ஸைத் தோய்க்க எடுத்த அம்மாதான் மணத்தில் கண்டுபிடித்தார். அதற்குள் கால்விரலடியில் புண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் விரலை ஒரு மாதிரிக் காப்பாற்றினார்கள். இன்னொரு தரம் இப்படிப் பிந்தி வந்தால் காலை எடுக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மா பேஸ்மென்ட் கதவைப் பூட்டினார். திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டார்.

அப்பா சண்டை பிடிக்கவில்லை. செற்றியில் இருந்து ரீவி பார்த்தார். பார்த்தார் என்று சொல்ல ஏலாது, முகம் அந்தப் பக்கம் இருந்தது. செற்றியின் மரக் கைப்பிடியைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருப்பார், அரத்தாளால் மரத்தைத் தேய்த்தது காணுமோ என்று பார்க்கிற மாதிரி. சோறு பாதியில் நிற்கும். கீழே ஒரு அலுமாரி கதவில்லாமல் நின்றது.

வில்லரேயில் இருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வாய்க்காரன்.

“அத்தான், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு செய்யுங்கோவன். புதுசு வாங்குவம். வெளியிலை ஒருக்காலும் போடாத சப்பாத்து.”

“சப்பாத்துக் காலோடை செய்த அலுமாரிக்குள்ளை நீ சாமி வைப்பியோ?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் அதற்கு மனம் ஒப்பாது. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனவர் குசினி வாசலில் திரும்பி நின்றார்.

“நிலம் போடுவம். வெறும் சீமெந்திலை இனி நிக்க விடமாட்டன். நிலம் போட்டால் கதவு திறக்கிறன்.”

அன்றைக்கு அப்பா சோற்றை முழுக்கச் சாப்பிட்டார்.

பிறகு வீட்டில் ஒரே நிலக் கதைதான். பலகை விரிக்கலாம் என்றார் அப்பா. பலகையில் சிராய் வரும் என்றார் அம்மா. கார்ப்பெற் என்று தொடங்கிய மாமாவை அப்பா பார்த்த பார்வையில் அவர் வாயை மூடினார். பேந்து கறுப்பு ரப்பரில் வந்து நின்றார்கள். மெத்தென்று இருக்கும், குளிர் ஏறாது, உளி கை தவறி விழுந்தாலும் வாய் மழுங்காது, ஊத்தை தெரியாது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் அது முடிந்த காரியம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரருக்குப் பிரெஞ்சு மட்டும்தான். மொழிபெயர்ப்பு என் வேலை. அப்பா ரப்பர் விரிப்புக்குப் பக்கத்தில் குந்தி உள்ளங்கையால் அமத்திப் பார்த்தார். காலால் மிதிக்கவேண்டிய சாமானை ஏன் கையால் பார்க்கிறார் என்று யோசித்தேன். கேட்கவில்லை.

அம்மா எங்களோடு இல்லை. கடையின் அந்தக் கடைசித் தொங்கலில், பாய் மாதிரிச் சுருட்டி நிமிர்த்தியிருந்த வினைல் விரிப்புகளுக்கு நடுவில் நின்றார்.

“இது.”

சுத்த வெள்ளை.

மரவேலை செய்கிற இடத்துக்கு ஒருவரும் வெள்ளை போடுவதில்லை, அது குளியலறைக்கு என்றார் கடைக்காரர். நான் சொன்னேன்.

“ஓமெண்டு சொல்லு. அதுதான் வேணுமெண்டும் சொல்லு.”

“அக்கா, கீழை என்ன ஒப்பரேசனோ செய்யப்போறியள்?” என்றார் மாமா.

அப்பா எழும்பி வந்தார். “இஞ்சேரும், ஒரு கிழமையிலை அது என்ன நிறமெண்டு உமக்கே தெரியாது.”

“தெரியும். நான் கூட்டுவன்.”

கடைக்காரர் நல்ல மனிதர். சமாதானத்துக்கு இன்னொன்றை விரித்துக் காட்டினார். வெள்ளையில் மண்ணிறப் புள்ளி. இது அழுக்கை மறைக்கும் என்றார். அம்மா கிட்டப் போய்க் கையால் தடவிப் பார்த்தார்.

“புள்ளி வேண்டாம். ஒண்டையும் மறைக்கக்கூடாது.”

நான் ‘நோ’ என்று மட்டும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா துப்பரவு பார்க்கிற ஆள் என்று தெரியும். ஆனால் அப்பாவுக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, கூட்டுகிறதுக்கு வசதியாக நிலம் வாங்குகிறாரே என்று கோபமும் வந்தது.

மாமா அப்பாவின் காதுக்குள் குனிந்தார். “அத்தான், திறப்பு அவவிட்டை. தலையை ஆட்டுங்கோ.”

அப்பா தலையை ஆட்டினார். அடியில் மெத்தென்று ஒரு ஸ்பொஞ்ச் விரிப்பும் போட அம்மா சம்மதித்தார். மாமா முழங்காலில் நின்று ஒட்டினார், ஒவ்வொரு மூலைக்கும் ஒரு முறைப்பாடு சொன்னார். அப்பா கதிரையில் இருந்து பிழை பிடித்தார். ஒட்டி முடிந்ததும் எல்லா வெளிச்சத்தையும் போட்டோம். கண் கூசியது. அந்தக் கதவில்லாத அலுமாரி வெள்ளைக்கு நடுவில் தனியாய் நின்றது.

அப்பா திரும்ப அப்பாவானார். சீவுளி இழுக்கிற சத்தம் மேலே கேட்கும். அவர் கை கழுவ வந்ததும் அம்மா தும்புத்தடியோடு கீழே இறங்குவார். தூளைக் கூட்டி ஒதுக்கி, பிறகு குனிந்து மூலை மூலையாய்ப் பார்ப்பார். அப்பாவுக்குச் சமைத்து, கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த களைப்போடு இதுவும். எதைத் தேடுகிறார் என்று கேட்டால், “ஊத்தை” என்பார்.

“கோயில் மண்டபம்கூட உம்மடை நிலத்தைப்போலத் துப்பரவில்லை” என்று அப்பா பகிடி பண்ணுவார். ஆனால் அவர் மேலே வரும்போது ஒருநாளும் கீழ் வெளிச்சத்தை நிறுத்தினதில்லை.

ஒரு சனிக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்தார். நான் பேஸ்மென்ட் படியில் இருந்து தோடம்பழம் உரித்தேன். அப்பா அலுமாரிக்குப் பூச ஒரு சிவத்த சாயம் திறந்திருந்தார். ஏதோ ஒரு தேவாரத்தை மூக்குக்குள் இழுத்துக்கொண்டு, மேசைக்கும் அலுமாரிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிலத்தில் சிவப்புப் பொட்டுகள் விழுந்திருந்தன. மேசையில் இருந்து அலுமாரிக்கு. அலுமாரியில் இருந்து மேசைக்கு.

எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. வெள்ளை வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள்தானே.

“அம்மா! அப்பா பெயின்ற் சிந்தி உங்கடை நிலத்தைப் பழுதாக்கிப் போட்டார்!”

அம்மா கையில் மாவோடு ஓடி வந்தார். அப்படி ஓடி நான் கண்டதில்லை. நிலத்தைப் பார்த்தார். அப்பாவைப் பிடித்துப் பலகை அடுக்கின் மேல் இருத்தினார். நிலத்தில் இருந்து அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். குதிக்காலுக்குக் கிட்ட ஒரு மெல்லிய ஆணி ஏறியிருந்தது. அப்பா தன் காலை வேறு ஆருடையதோ மாதிரிப் பார்த்தார்.

அம்மா ஆணியை இழுத்தெடுத்தார். மருந்துப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். அப்பா அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார், கடைசியில் அவர் பார்வை அம்மாவின் உச்சந்தலையில் வந்து நின்றது.

“இதுக்கோ வெள்ளை கேட்டனீர்?”

“காலை ஆட்டாதேங்கோ.”

அம்மா கழுவி, மருந்து போட்டு, கட்டினார். திங்கட்கிழமைவரை பொறுக்காமல் இப்போதே கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றார். அப்பா ஓம் என்றார். நான் துணி ஒன்றை நனைத்துக்கொண்டு வந்து நிலத்தைத் துடைக்கக் குந்தினேன்.

“நில்லு பிள்ளை” என்றார் அம்மா. மாவும் இரத்தமும் பட்ட கையோடு நிலத்தைப் பார்த்தார். “நல்ல நிலம்” என்றார்.

பழுதாய்ப்போன நிலம் எப்படி நல்ல நிலமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. அப்பாவின் கால் அம்மாவின் மடியிலேயே கிடந்தது. அப்பாவின் கண் கலங்கியிருந்தது. காலில் சரியான நோவாக்கும் என்று நினைத்தேன்.